டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது: என் கழுத்துவலிக்கும் கைவலிக்கும் காரணம் அதுதானா?

ஒற்றெழுத்து (கேள்வி):

வணக்கம். எனக்கு வயது 46. நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவது தொழில் என்பதால் நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் மடிக்கணினியின் முன் குனிந்தபடியே கழிகிறது. ஏழு வாரங்களுக்கு முன் ஒரு காலையில் எழுந்தபோது கழுத்தின் வலப்பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. தூக்கத்தில் பிசகியிருக்கும், இரண்டு நாளில் விட்டுவிடும் என்று பொருட்படுத்தாமல் இருந்துவிட்டேன். நான்காம் நாள் அந்த வலி தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஒரு புள்ளியில் வந்து நின்றது. அடுத்த வாரத்துக்குள் மேற்கையின் பின்புறமாக இறங்கி, முன்கையைக் கடந்து, நடுவிரல் நுனி வரை போய்விட்டது. இப்போது கழுத்தைவிடக் கைதான் அதிகம் வலிக்கிறது. நடுவிரல் நுனியால் தாளைப் புரட்டினால், துணி சுற்றிய விரலால் புரட்டுவதுபோல் இருக்கிறது.

மேல் அலமாரியில் இருக்கும் நூலைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் கையில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் என்கிறது. வலக்கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் ஏனோ வலி தணிகிறது. இரவில் பெரும்பாலும் அப்படித்தான் படுக்கிறேன்.

எக்ஸ்ரேயில் கழுத்தின் இயல்பான வளைவு மறைந்து எலும்புகள் நேராக நிற்பதாகச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையிலோ நான்கு இடங்களில் டிஸ்க் (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டு) பிதுங்கியிருப்பதாகவும், சி6–சி7 மட்டத்தில், அதாவது கழுத்தின் ஆறாம், ஏழாம் எலும்புகளுக்கு இடையே, வலப்பக்க நரம்புவேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் பகுதி) அழுத்தப்படுவதாகவும், பல இடங்களில் தேய்மானம் இருப்பதாகவும் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறது. அதைப் படித்த நாள் முதல் கழுத்தைத் திருப்பவே அஞ்சுகிறேன். படத்தைப் பார்த்த ஒருவர், நாள் கடத்தாமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார். இன்னொருவர் கழுத்துக்குக் காலர் அணிந்து டிராக்ஷன் (கழுத்தை மெல்ல இழுத்து வைக்கும் சிகிச்சை) எடுத்தால் போதும் என்கிறார். இருவருமே என் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

இந்த நான்கு பிதுக்கங்களில் எது குற்றவாளி? அறுவை சிகிச்சை தவிர்க்க முடியாததா? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நேர்நிமிர்வு (பதில்):

நான் பிசியோதெரபிஸ்ட். நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆயினும் உங்கள் விவரிப்பு அவ்வளவு துல்லியமாக இருப்பதால், சிலவற்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

முதலில் அந்த ஒன்றரைப் பக்க அச்சத்தைக் குறைத்துவிடுகிறேன். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவு எதுவும் இல்லாத 1211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 87.6 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு அது காணப்பட்டது. ஆகவே 46 வயதில் நான்கு பிதுக்கங்கள் இருப்பது நரைமுடி இருப்பதைப் போன்றதுதான். எக்ஸ்ரேயில் வளைவு நேராகத் தெரிவதும் அப்படியே: வலியில்லாதவர்களிடமும் அது சாதாரணமாகக் காணப்படும், படம் எடுக்கும்போது முகவாயைச் சற்றுத் தாழ்த்தி நின்றாலே போதும்.

அப்படியானால் படத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. உடல் சொல்லும் கதையும் படம் காட்டும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் அந்த மதிப்பு. கழுத்தில் எலும்புகள் ஏழு, நரம்புவேர்களோ எட்டு இணைகள். அதனால் கழுத்தில் ஒவ்வொரு நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளிவரும்; எட்டாவது மட்டும் ஏழாவது எலும்புக்குக் கீழே வரும். ஆக, சி6–சி7 டிஸ்க் பிதுங்கினால் நெருக்கப்படுவது ஏழாம் நரம்புவேர். அந்த வேரின் வலி தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் தொடங்கி, மேற்கையின் பின்புறமாக இறங்கி, நடுவிரலில் முடிவது வழக்கம். நீங்கள் எழுதியிருப்பது ஏறத்தாழ அதே பாதை. ஆறாம் வேராக இருந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்திருக்கும். எட்டாம் வேர் என்றால் சுண்டுவிரல். ஐந்தாம் வேர் தோளோடு நின்றுவிடும், விரல்களுக்கு வராது. விரல் எல்லைகள் ஆளுக்கு ஆள் சற்று மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தலையை நிமிர்த்தினால் வலி கூடுவதற்குக் காரணம், அந்த நிலையில் நரம்பு வெளிவரும் துளை சுருங்குவது. கையைத் தலைமேல் வைத்தால் வேரின் மீதுள்ள இழுவிசை தளர்கிறது. மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாகப் பயன்படுத்துவார்கள். நீங்கள் அறியாமலே அதைச் செய்திருக்கிறீர்கள். ஸ்பர்லிங் சோதனை என்று இன்னொன்று உண்டு: தலையை நிமிர்த்தி, வலியுள்ள பக்கம் சாய்த்து, உச்சியில் மெல்ல அழுத்துவார்கள். கைக்குள் வலி பாய்ந்தால் நரம்புவேர் மீதான ஐயம் வலுக்கும். பாயாவிட்டால் மட்டும் நரம்புவேர் பிரச்சினை இல்லை என்று தள்ளிவிட முடியாது. இதை நீங்களாகவோ வீட்டார் உதவியுடனோ செய்து பார்க்க வேண்டாம்.

வீட்டில் செய்து பார்க்கத்தக்கது ஒன்று உண்டு. சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கையை ஊன்றி, முழங்கையை மடக்கிச் சாய்ந்து, பின் கையை நீட்டி உடலைத் தள்ளுங்கள். முதலில் இடக்கையால் மட்டும், பிறகு வலக்கையால் மட்டும். முழங்கையை நீட்டும் தசையான டிரைசெப்ஸுக்கு முதன்மையாக ஏழாம் வேர்தான் ஆணையிடுகிறது. வலக்கை தளர்ந்தால் எழுதுங்கள்.

இரவில் கை மரத்துப்போய் விழித்து, கையை உதறினால் சரியாகிறதா என்பதையும் கவனியுங்கள். அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதன் அடையாளம். நடுவிரல் மரப்பு அதிலும் வரும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. கழுத்தை அசைத்தால் மாறாத கைவலியைக் கழுத்தின் கணக்கில் எழுதுவதற்கு முன் மணிக்கட்டையும் முழங்கையையும் தோள்மூட்டையும் பார்த்துவிட வேண்டும்.

இளையவன் (பதில்):

மேலே உள்ள பதிலை மதிக்கிறேன். ஆனால் படத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம் என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்திவிடாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு அப்போது 61 வயது. அவருக்குக் கழுத்தில் வலியே இல்லை. சட்டைப் பொத்தானைப் போட நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கையொப்பம் மாறியது. வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். வயதாகிறது என்று சிரித்துக்கொண்டோம். சில மாதங்களில் நடக்கும்போது காலிலிருந்து செருப்பு நழுவுவதை அவரே உணராமல் பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். சர்க்கரை நோயால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று ஓரிடத்தில் எட்டு மாதம் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பின்னர் பார்த்த நரம்பியல் மருத்துவர் அவருடைய நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டார். கட்டைவிரல் தானாக உள்பக்கம் மடங்கியது. கண்களை மூடி நிற்கச் சொன்னபோது தள்ளாடினார். கழுத்தில் நரம்புவேர் மட்டுமல்லாமல் தண்டுவடமே நெரிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் முற்றுவது நின்றது. ஆனால் இழந்த கைநயம் முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் பொத்தான் போட அண்ணியின் உதவி வேண்டும்.

ஆகவே ஒற்றெழுத்து அவர்களே, உங்கள் கையெழுத்து மாறியிருக்கிறதா? குனிந்தால் முதுகுத்தண்டு வழியே மின்னதிர்ச்சி போல் இறங்குகிறதா? நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை உண்டா? ஒன்றுக்காவது ஆம் என்றால் இந்த விவாதத்தைப் படித்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஒற்றெழுத்து:

இருவருக்கும் நன்றி. இளையவன் குறிப்பிட்ட எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் படித்த இரவு பொத்தான்களைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். சுவர்ச் சோதனையில் இடக்கையால் பதினைந்து முறை தள்ள முடிந்தது. வலக்கை ஆறாவது முறையிலேயே நடுங்கியது. அதனால் நேற்று ஒரு நரம்பியல் மருத்துவரிடம் சென்றேன். அவர் முதலில் கைகால்களைச் சோதித்தார். படத்தைக் கடைசியில்தான் கேட்டார். வலது டிரைசெப்ஸ் வலிமை ஐந்துக்கு நான்கு, முழங்கையின் பின்புறம் சுத்தியலால் தட்டினால் வலப்பக்கம் துள்ளல் குறைவு, தண்டுவடம் நெரிவதற்கான குறிகள் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஏழாம் நரம்புவேர் என்பதில் ஐயமில்லை என்றார். நான்கு வாரம் மருந்தும் பிசியோதெரபியும். வலிமை மேலும் குறைந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். காலரைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

நாடித்துடிப்பு (பதில்):

நான் பொது மருத்துவம் பார்ப்பவன். சரியான இடத்துக்குப் போயிருக்கிறீர்கள். அவர் சொன்ன வழியை மாற்றச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதன் காரணங்களை மட்டும் விளக்குகிறேன்.

நரம்புவேர் அழற்சியால் வரும் கைவலி மிகக் கொடியது. ஆனால் பெரும்பாலும் தானே தணிவது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்நோய் கண்ட 561 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழ கால்பங்கினருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கடைசியாகப் பார்த்தபோது 90 விழுக்காட்டினர் தொந்தரவு இல்லாமலோ மிகச் சிறிய தொந்தரவுடனோ இருந்தனர். அவர்களிலும் அதிகம் பாதிக்கப்பட்டது இதே ஏழாம் வேர்தான். பிதுங்கி வெளிவந்த டிஸ்க் துணுக்கை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவதும், நரம்பைச் சுற்றிய வீக்கம் வடிவதும் இதற்குக் காரணங்கள். முதலில் வலி போகும், பிறகு வலிமை திரும்பும், மரப்பு கடைசியில்தான் விலகும். அந்த வரிசை தெரியாமல் பலர் வலி போன பின்னும் மரப்பை நினைத்துக் கலங்குகிறார்கள்.

காலரைப் பற்றி. நெதர்லாந்தில் 205 பேரை வைத்து நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வலி தொடங்கி ஒரு மாதத்துக்குள் வந்தவர்களுக்கு ஓரளவு விறைப்பான காலரோ பிசியோதெரபியோ கொடுத்தபோது, எதுவும் செய்யாதவர்களைவிட முதல் ஆறு வாரங்களில் கைவலி விரைவாகக் குறைந்தது. ஆறு மாத முடிவில் மூன்று குழுவினரும் ஒரே நிலையில் இருந்தனர். அங்கும் காலரை மூன்று வாரம் அணியச் சொல்லி, அடுத்த மூன்று வாரத்தில் படிப்படியாகக் கழற்றச் செய்தார்கள். நீங்களோ எட்டாவது வாரத்தில் இருக்கிறீர்கள்; இப்போது அணிந்தால் கழுத்துத் தசை தளர்வதும் அச்சம் வளர்வதும்தான் மிஞ்சும். டிராக்ஷன் சிலருக்கு அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். அதைத் தனிச் சிகிச்சையாக நம்பியிருக்க ஆதாரம் போதாது.

வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகளைக் குறுகிய காலத்துக்கு எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் குறைபாடு, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. நரம்புவலிக்கான கபாபென்டின், பிரிகாபலின் போன்றவை சிலருக்குத் தூக்கத்தையாவது மீட்டுத் தரும். தலைசுற்றலும் மந்தமும் உண்டாக்குவதால் வண்டி ஓட்டுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தசை தளர்த்திகளை நான் சில இரவுகளுக்கு மேல் எழுதுவதில்லை. கழுத்தில் நரம்புத் துளை வழியாகச் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசியை எளிதாக எண்ணிவிடாதீர்கள்: தண்டுவடத்தைச் சுற்றிப் போடும் இத்தகைய ஊசிகளால் அரிதாகப் பக்கவாதம், பார்வையிழப்பு, உயிரிழப்பு நேர்ந்திருப்பதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது.

அறுவை சிகிச்சை எப்போது? தண்டுவடம் நெரிந்து கைகால் இயக்கம் குன்றும்போது. தசை வலிமை நாளுக்கு நாள் இறங்கும்போது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முறையாக முயன்றும் வலி தாங்க முடியாமல், படமும் பரிசோதனையும் ஒரே வேரைச் சுட்டும்போது. அப்படி ஒரு நிலை வந்தால் தயங்கவும் கூடாது. சரியான நபருக்குச் செய்தால் கைவலி குறைவதில் நல்ல பலன் தரும் சிகிச்சை அது. வெறும் கழுத்துவலிக்கு அவ்வாறு பலன் தருவதில்லை.

இங்கே படிக்கும் மற்றவர்களுக்காக: விபத்துக்குப் பின் வந்த கழுத்துவலி, காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து கழுத்தைக் குனிய முடியாமை, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, காரணமின்றி எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றில் காத்திருக்கக் கூடாது. இதுவரை அறியாத வகையில் கழுத்தின் ஒருபக்கம் திடீரெனக் கடுமையாக வலித்து, இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் சேர்ந்தால் கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். நெஞ்சு இறுக்கத்துடன் கழுத்துக்கும் தாடைக்கும் கைக்கும் பரவுவது மாரடைப்பாக இருக்கலாம். இவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குரியவை, பிசியோதெரபிக்குரியவை அல்ல.

இன்னொன்று, கேட்கப்படாவிட்டாலும். தலைசுற்றல் வந்தால் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிவிடுவது நம்மிடையே பழகிப்போயிற்று. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் அறை சுற்றினால் காரணம் பெரும்பாலும் உட்காதில் இருக்கும். அதற்குக் காலர் மாட்டுவது காதுவலிக்குக் கண்ணாடி போடுவது போலத்தான்.

காலைநடை (பதில்):

இத்தனை சிக்கல் எதற்கு? எனக்கும் இப்படித்தான் பிடித்துக்கொண்டது. தெரிந்தவர் ஒருவர் தலையைப் பிடித்து இருபுறமும் சொடுக்கு எடுத்துவிட்டார். சடக்கென்று சத்தம் கேட்டது, அன்றே சரியாயிற்று.

நேர்நிமிர்வு:

காலைநடை அவர்களே, உங்களுக்கு நலமானதில் மகிழ்ச்சி. சாதாரணக் கழுத்துப் பிடிப்பு எதைச் செய்தாலும் சில நாளில் விலகும். கடைசியாக என்ன செய்தோமோ அதற்குப் புகழ் சேரும். அந்தச் சத்தம் எலும்பு இடம் மாறிப் பொருந்துவதால் வருவதன்று. மூட்டு நீரில் குமிழ் உண்டாவதால் எழுவது. கையில் வலிமை குறைந்திருப்பவரின் கழுத்தை வேகமாகத் திருப்புவது கூடவே கூடாது. நெரிந்திருக்கும் நரம்பு மேலும் நெரியலாம். அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன.

ஒற்றெழுத்து அவர்களுக்குப் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். மல்லாந்து படுத்து, தலைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். தலையைத் தூக்காமல், ஆமென்று மிகச் சிறிதாகத் தலையசைப்பதுபோல் முகவாயைத் தொண்டைப் பக்கம் தாழ்த்துங்கள். பிடரி நீள்வதுபோல் உணர்வீர்கள். பத்து நொடி நிறுத்தி விடுங்கள், பத்து முறை. காதுக்குக் கீழிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசை கயிறுபோல் புடைத்தால் அதிக விசை கொடுக்கிறீர்கள் என்று பொருள். இங்கே உழைக்க வேண்டியது அதற்கு அடியில் மறைந்துள்ள தசைகள். பயிற்சியின்போது கைவலி விரலை நோக்கிக் கீழிறங்கினால் நிறுத்துங்கள். மேலேறித் தோளோடு நின்றால் அது நல்ல அறிகுறி. இரண்டு வாரத்துக்குப் பின் தோள்பட்டை எலும்புகளைப் பின்னிழுக்கும் பயிற்சிகளையும், வலிமை ஏற ஏற எடைப் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். நாள்பட்ட கழுத்துவலி கொண்ட 180 பெண் அலுவலக ஊழியர்களிடம் ஃபின்லாந்தில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு தொடர்ந்த வலுப் பயிற்சி வலியை நன்றாகக் குறைத்தது. நீட்டல் பயிற்சியும் நடைப்பயிற்சியும் மட்டும் செய்தவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. அவர்களுக்கு நரம்புவேர் தொந்தரவு இல்லை என்பதால் அதை உங்களுக்கு நேராகப் பொருத்த முடியாது. ஆயினும் வலி அடங்கிய பின் மீண்டும் வராமல் காக்க அந்த வழியையே நான் கைக்கொள்கிறேன்.

குனிந்து கைப்பேசி பார்த்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்று ஒரு படம் சுற்றிவருவதைப் பார்த்திருப்பீர்கள். அது 60 பாகை குனிவுக்குக் கணினியில் கணக்கிட்ட எண். மனிதக் கழுத்தில் அளந்ததன்று. குனிவதே குற்றமில்லை, மணிக்கணக்கில் அசையாதிருப்பதுதான் தொந்தரவு. மடிக்கணினியின் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தித் தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளுங்கள். மெய்ப்பில் ஒவ்வொரு படிவம் (சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். தலையணையைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் படுக்கும்போது மூக்கும் மார்பெலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் போதும். குப்புறப் படுக்க வேண்டாம்.

ஒற்றெழுத்து:

பத்து வாரம் கழித்து எழுதுகிறேன். கைவலி ஐந்தாவது வாரத்திலேயே பெருமளவு குறைந்துவிட்டது. சுவரில் வலக்கையால் இப்போது பன்னிரண்டு முறை தள்ள முடிகிறது. நடுவிரல் நுனியில் ஒரு கடுகளவு மரப்பு மட்டும் நிற்கிறது. தாளின் விளிம்பு தெரிகிறது. பயிற்சியை இரண்டு முறை இடையில் கைவிட்டேன், இரண்டு முறையும் தோள்பட்டை ஓரம் வலிக்கத் தொடங்கியதும் திரும்பி வந்தேன். பிதுக்கம் உள்ளே போய்விட்டதா என்று பார்க்க மீண்டும் ஓர் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

நாடித்துடிப்பு:

வேண்டாம். பிதுக்கம் அப்படியே இருந்தாலும் கரைந்திருந்தாலும் இப்போது உங்களுக்கான சிகிச்சை மாறப்போவதில்லை. வலிமை குறைந்தாலோ, மறு கையும் மரத்தாலோ, நடை மாறினாலோ எடுக்கலாம். சுவரில் பதினைந்து வரும்வரை வாரம் ஒருமுறை எண்ணிக் குறித்துவையுங்கள். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளையே காட்டுங்கள்.